அந்த அம்மா யாரிடம் சொல்வார்?



2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் அதிகாலை. கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோவில் அருகே ஒரு கார் வெடித்து, உள்ளே இருந்த இளைஞர் இறந்துபோனார். வெடித்தது, நம் அடுப்படியில் இருக்கிற காஸ் சிலிண்டர். அவர் வீட்டிலிருந்து வெடிபொருள் செய்வதற்கான 75 கிலோ பொருட்களை எடுத்ததாகப் போலீஸ் சொன்னது.

1998 பிப்ரவரி 14-ஐ கோவை மறக்குமா? அடுத்தடுத்து வெடித்த குண்டுகளில் 58 பேர் பலியானார்கள். அதன் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. இப்போது ஒரு வாடகை வீடும், செல்போனும், நாலைந்து கூட்டாளிகளும் போதும் என்றாகிவிட்டது.

போலீஸும் மாறியிருக்கிறது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) வந்தது. உக்கடம் வழக்கு சில நாட்களிலேயே அவர்களிடம் போனது. கோவைக்கு மூன்று புதிய காவல் நிலையங்கள் கிடைத்தன. தமிழகத்துக்குத் தனி தீவிரவாதத் தடுப்புப் பிரிவும் வந்துவிட்டது. எல்லாம் தேவைதான். ஆனால், உக்கடத்தில் இறந்தவரை 2019-லேயே என்.ஐ.ஏ. விசாரித்திருந்தது என்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

ஒரு பிள்ளை தடம் மாறுவது போலீஸுக்கு முன்பே வீட்டில் தெரிந்துவிடும். பையன் ராத்திரி முழுக்க என்ன பார்க்கிறான், ஏன் பழைய நண்பர்களோடு பேசுவதில்லை? இது முதலில் அம்மாவுக்குத்தான் தெரியும். அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபாவில் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை உள்ளே வைக்கலாம். ஜாமீன் கிடைப்பதும் கஷ்டம். எந்தத் தாய்க்கு வாய் வரும்?

வெடிபொருள் சேர்த்தவர் மீது சட்டம் கடுமையாகவே பாயட்டும். தீவிரவாத வீடியோ பார்த்துத் தடுமாறி நிற்கிற பையனுக்கு வேறு வழி வேண்டும். மகாராஷ்டிரத்தின் தீவிரவாதத் தடுப்புப் பிரிவு (ஏ.டி.எஸ்.) இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு கவுன்சலிங் கொடுத்து, குடும்பத்தோடு சேர்த்து வைத்திருக்கிறது. நம் மாவட்டங்களிலும் இது பரவலாக நடக்க வேண்டும்; நடப்பது பெற்றோருக்குத் தெரியவும் வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. உக்கடம் சம்பவத்துக்குப் பின் முஸ்லிம் ஜமாத்தைச் சேர்ந்தவர்கள் அந்தக் கோவிலுக்கே வந்து, உங்களோடு நிற்கிறோம் என்றார்கள். அப்படிப்பட்டவர்கள் வாடகைக்கு வீடு கேட்டால், பெயரைக் கேட்டதும் ‘ஆள் வந்துட்டாங்க’ என்று அனுப்பிவிடுகிறோமே, நியாயமா? நாமே ஒதுக்கி வைத்தால், வீட்டுக் கவலையை நம்மிடம் எப்படிச் சொல்வார்கள்?

உங்கள் ஊர் ஸ்டேஷனில் ஒரு தாய் பயமில்லாமல் உட்கார்ந்து பேச முடிகிறதா? எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்