லென்சுக்குப் பெயர் முக்கியமா?



காமிரா விற்கும் கடையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். லென்சு வாங்க வருகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது கம்பெனி லென்சா, வேறா?" என்பதைத்தான். காமிராவைச் செய்த நிறுவனமே செய்த லென்சு என்றால் அவர் முகம் மலர்கிறது. வேறொரு நிறுவனம் செய்தது என்றால், "விலை குறைவுதான், ஆனால்..." என்று இழுக்கிறார். அந்த 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பின்னே அளந்தறிந்த உண்மை ஏதேனும் உண்டா? இது பற்றி என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். நான் இயற்பியல் விரிவுரையாளன். படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. இந்த விஷயத்தில் ஒரு முறை நான் நன்றாகத் தவறியும் இருக்கிறேன்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். முழு அளவுக் காமிராவில் படம் விழும் பரப்பு 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் கொண்டது. பிதாகரஸ் தேற்றப்படி அதன் மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ. ஏறக்குறைய இதே அளவு குவியத்தூரம் உள்ள லென்சு, காட்சியை நம் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் விதத்தில் படமாக்கும். இந்த அளவை நடுவில் வைத்து, குவியத்தூரத்தைச் சற்றுக் குறைக்கவும் கூட்டவும் வசதி உள்ள லென்சையே அன்றாட ஜூம் லென்சு என்கிறோம். முழு அளவுக் காமிராவுக்கு 24 முதல் 70 மி.மீ. வரை, படப்பரப்பு சிறிய காமிராக்களுக்கு 17 முதல் 50 மி.மீ. வரை என்பது போன்ற அளவுகளில் இது கிடைக்கிறது. வீட்டு விசேஷம், பள்ளி விழா, தெருக் காட்சி எல்லாவற்றுக்கும் இந்த ஒன்று போதும்.

இத்தகைய லென்சின் வரலாறே சுவையானது. 35 மி.மீ. பிலிம் காமிராவுக்கான முதல் ஜூம் லென்சு 1959-ஆம் ஆண்டு வெளிவந்தது. 36 முதல் 82 மி.மீ. வரை குவியத்தூரம் கொண்ட அதன் மேல் இருந்தது ஃபோக்ட்லாண்டர் என்ற காமிரா நிறுவனத்தின் பெயர். ஆனால் அதை வடிவமைத்தது அமெரிக்காவில் ஃபிராங்க் பாக் என்பவரின் ஜூமார் நிறுவனம். செய்து கொடுத்ததோ ஜெர்மனியில் மியூனிக் நகரின் கில்ஃபிட் நிறுவனம். ஆக, முதல் ஜூம் லென்சிலேயே பெயர் ஒருவருடையது, மூளை மற்றொருவருடையது, கை மூன்றாமவருடையது! பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முயல்பவர் இதை நினைவில் கொள்வது நல்லது.

இனி என் தவறுக்கு வருகிறேன். எங்கள் கல்லூரியில் இறுதியாண்டு படித்த மாணவர் ஒருவர், விடுமுறைகளில் திருமணப் படம் எடுப்பவருக்கு உதவியாகப் போய்ச் சேர்த்த பணத்தில், பழைய 17-50 மி.மீ. லென்சு ஒன்றை வாங்கினார். அது பிற நிறுவனம் செய்தது. கல்லூரி ஆண்டு விழாவில் எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டினார். பல படங்கள் தெளிவில்லாமல் இருந்தன. லென்சின் மேலிருந்த பெயரைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துக் கம்பெனி லென்சே வாங்கியிருக்கலாமே" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. மறுநாள் வந்து, "கடையில் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களாம், சார். கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார். சற்றுத் தயங்கி, "நீங்கள் அதைச் சோதித்துப் பார்த்தீர்களா, சார்?" என்றும் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அளக்காமல் எதையும் ஏற்காதீர்கள் என்று வகுப்பில் தினமும் சொல்பவன் நான். ஒரு மாணவரின் பல மாத உழைப்பைப் பற்றிப் பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்! "கொடுக்க வேண்டாம். முதலில் சோதிப்போம்" என்றேன்.

எதைச் சோதிப்பது? இங்கே உங்கள் பாடப்புத்தகமே வழிகாட்டும். கோளப் பரப்புள்ள லென்சின் ஓரத்தில் நுழையும் கதிர்களும் நடுவில் நுழையும் கதிர்களும் ஒரே புள்ளியில் குவிவதில்லை. இது கோளப் பிறழ்ச்சி. நீல ஒளியும் சிவப்பு ஒளியும் வெவ்வேறு தூரங்களில் குவிவது நிறப்பிறழ்ச்சி. இவற்றைத் திருத்தவே பல கண்ணாடிகளைச் சேர்க்கிறார்கள். ஜூம் லென்சில் இத்திருத்தம் ஒரு குவியத்தூரத்துக்கு மட்டும் போதாது. எல்லாக் குவியத்தூரங்களுக்கும் வேண்டும். ஆகவே கண்ணாடிகளின் எண்ணிக்கை பெருகுகிறது.

கண்ணாடி பெருகினால் வேறொரு தொல்லை. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். லென்சில் 12 தொகுதிகள் இருந்தால் காற்றைத் தொடும் பரப்புகள் 24. 0.96-ஐ 24 முறை பெருக்கிப் பாருங்கள், சுமார் 0.38 வரும். நூற்றில் 62 பங்கு ஒளி போய்விடும்! போகும் ஒளியில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தின் மேல் மூடுபனிபோல் படியும். இதைத் தடுக்கும் மெல்லிய பூச்சை 1935-இல் ஜெர்மனியின் ட்சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா உருவாக்கினார். பரப்பொன்றுக்கு இழப்பு 0.5 சதவீதமாகக் குறைந்தால், அதே 24 பரப்புகளைக் கடந்து 89 சதவீதம் ஒளி வந்துசேரும். ஸ்னெல் விதியோ இந்தப் பெருக்கல் கணக்கோ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதில்லை. வடிவமைப்பும், கண்ணாடியைத் தீட்டி உரிய இடத்தில் பொருத்தும் நுட்பமுமே வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டைப் படத்தில் காணலாம்.

நாங்கள் ஆய்வகச் சுவர் ஒன்றில் செய்தித்தாள்களை இடைவெளியின்றி ஒட்டினோம். காமிராவைத் தாங்கியில் பொருத்தி, கை படாமல் இயங்கும்படி வைத்தோம். அதே அளவுள்ள கம்பெனி லென்சு ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினோம். 17, 35, 50 மி.மீ. ஆகிய மூன்று குவியத்தூரங்களில், எஃப் எண் 2.8, 4, 5.6, 8 ஆகிய நான்கிலும் படம் எடுத்தோம். எஃப் எண் என்பது குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. 50 மி.மீ. குவியத்தூரத்தில் எஃப் எண் 2.8 என்றால் துளை சுமார் 18 மி.மீ.; எஃப் எண் 8 என்றால் சுமார் 6 மி.மீ. ஒரு லென்சுக்கு 12 படங்கள். இரண்டுக்கும் சேர்த்து 24. படங்களின் பின்னால் எண் மட்டும் எழுதிக் கலைத்து, எது எந்த லென்சு என்று அறியாத மூன்று ஆசிரியர்களிடம் கொடுத்தோம். விடை தெரிந்தவர் பார்த்தால் கண் அல்ல, மனமே மதிப்பெண் போடும்.

முடிவைக் கேளுங்கள். எஃப் எண் 8-இல் மூவராலும் இரண்டு லென்சுகளைப் பிரித்தறிய இயலவில்லை. எஃப் எண் 2.8-இல் நடுப்பகுதியில் வேறுபாடு இல்லை. ஆனால் 17 மி.மீ.-இல், அதே 2.8-இல், மூலைகளில் இருந்த எழுத்துகள் மாணவரின் லென்சில் மங்கலாக இருந்ததை மூவரும் சரியாகச் சுட்டிக் காட்டினார்கள். குறை உண்மைதான். அது எங்கே, எப்போது என்பதும் தெரிந்துவிட்டது.

அப்படியானால் ஆண்டு விழாப் படங்கள் ஏன் கெட்டன? பெரும்பாலானவை வினாடியில் 15-இல் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கப்பட்டவை. நடனமாடுபவரின் கை வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் அசைந்தால், அந்த நேரத்தில் 10 செ.மீ. நகர்ந்துவிடும். எந்த நிறுவனத்தின் லென்சும் அதைத் தெளிவாக்காது!

இன்னொரு குறையும் அகப்பட்டது. மீட்டர் அளவுகோலைச் சாய்வாக வைத்து, 50 செ.மீ. கோட்டில் தானியங்கிக் குவியம் செய்தோம். ஒவ்வொரு முறையும் 52-ஆவது கோடே தெளிவாக விழுந்தது. வெர்னியர் அளவியில் சுழிப்பிழை பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே இனம். ஒரே பக்கமாக, ஒரே அளவாக வரும் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். அவருடைய காமிராவில் அதற்கான வசதி இருந்தது, திருத்தினோம்.

இத்தகைய தொல்லை பிற நிறுவன லென்சுகளில் வருவதற்குக் காரணம் உண்டு. லென்சும் காமிராவும் மின்சைகைகளால் பேசிக்கொள்கின்றன. அந்த மொழியைக் காமிரா நிறுவனம் சொல்லாவிட்டால், மற்றவர்கள் தாமே ஆராய்ந்து கண்டுகொள்ள வேண்டும். சோனி நிறுவனம் 2011-இல் தன் ஈ வகைக் காமிராக்களின் அடிப்படை விவரங்களைக் கட்டணமின்றிப் பிற நிறுவனங்களுக்குத் தர முன்வந்தது. 2018-இல் ஜப்பானின் டாம்ரான் நிறுவனம் அவ்வகைக் காமிராவுக்கு 28-75 மி.மீ. லென்சு ஒன்றை வெளியிட்டது. எடை 550 கிராம். சோனியே 2016-இல் வெளியிட்ட 24-70 மி.மீ. லென்சின் எடை 886 கிராம். இரண்டிலும் எஃப் எண் 2.8 வரை திறக்கலாம். டாம்ரான் லென்சின் விலை பாதியைவிடக் குறைவாக இருந்தது. எடையும் விலையும் குறையும்போது விட்டுக்கொடுப்பதும் உண்டு. 24 மி.மீ. லென்சு மூலைவிட்டத்தில் 84 பாகைப் பரப்பைக் காணும், 28 மி.மீ. லென்சு காண்பது 75 பாகைதான். சிறிய அறைக்குள் குடும்பம் முழுவதையும் எடுப்பவருக்கு இந்த 9 பாகை பெரிய இழப்பு. நாள் முழுவதும் தெருவில் நடந்து எடுப்பவருக்கு 336 கிராம் குறைவது பெரிய லாபம்.

ஆகவே, "பிற நிறுவன லென்சு மட்டம்" என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. "எல்லாம் ஒன்றுதான், பெயருக்குத்தான் காசு" என்பாரோடும் உடன்பாடில்லை. இருவரும் அளக்கவில்லை. நாங்கள் சோதித்ததும் ஒரே ஒரு லென்சைத்தான். அதே பெயருள்ள வேறொன்றில் ஒரு கண்ணாடி சற்று நகர்ந்து பொருந்தியிருக்கலாம். உங்கள் கையில் உள்ளதை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கினால், காமிராவைத் தலைகீழாகத் திருப்பி மீண்டும் எடுங்கள். சுவரின் அதே பக்கம் மங்கினால் சுவருக்கு நேராகக் காமிராவை வைக்கவில்லை என்று பொருள். மங்கல் சுவரின் எதிர்ப்பக்கத்துக்கு மாறினால் குறை லென்சில்.

காமிரா இல்லையே என்று வருந்த வேண்டாம். பள்ளி ஆய்வகத்தில் பெரிய குவிலென்சு ஒன்றை வாங்கி, சன்னலின் பிம்பத்தைச் சுவரில் விழச் செய்யுங்கள். பிறகு கருப்புக் காகிதத்தில் சிறு துளையிட்டு லென்சின் முன் பிடியுங்கள். பிம்பம் மங்கும், ஆனால் கம்பிகளின் ஓரம் கூர்மையாகும், நிற விளிம்பும் குறையும். எஃப் எண் 8-இல் எங்கள் இரண்டு லென்சுகளும் ஏன் ஒன்றுபோல் ஆயின என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

வீட்டில் டிஜிட்டல் காமிரா இருந்தால் இன்னொரு வேலை. எடுத்த படங்கள் ஒவ்வொன்றிலும் குவியத்தூரம் பதிவாகியிருக்கும். நூறு படங்களை எடுத்து எண்ணி வரைபடம் போடுங்கள். எந்தக் குவியத்தூரம் உங்களுக்கு உண்மையில் தேவை என்பதை விளம்பரத்தைவிட அந்த வரைபடம் நன்றாகச் சொல்லும்.

அந்த மாணவர் தம் லென்சை விற்கவில்லை. 17 மி.மீ.-இல் எடுக்கும்போது மட்டும் துளையைச் சிறிது குறைத்துக்கொள்கிறார். அவர் கேட்ட கேள்வியை, கடையில் யாரேனும் 'ஆனால்' என்று இழுக்கும்போது நீங்களும் பணிவாகக் கேளுங்கள்: "நீங்கள் அதைச் சோதித்துப் பார்த்தீர்களா?"