காது கேளாத நாயிடம் கற்றது

கூப்பிட்டால் வராத நாயை யாராவது வளர்ப்பார்களா? வன்னியம்பட்டியில் வளர்க்கிறார்கள். இக்கட்டுரையைச் சேர்ந்து எழுதும் எங்கள் மூவரில் ஒருத்தியின் வீட்டில் அப்படி ஒரு நாய் இருக்கிறது. பால் போன்ற வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். அசல் இராஜபாளையம்! ஆனால் இடி இடித்தாலும் அதற்குக் கேட்காது.

குட்டியாக வந்த புதிதில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் அடுப்படியில் பித்தளைத் தாம்பாளம் கீழே விழுந்து வீடே அதிர்ந்தது. தொட்டிலில் கிடந்த குழந்தை வீறிட்டு அழுதது. குட்டி மட்டும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. "காவலுக்கு உதவாது, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்று பார்த்தவர்கள் எல்லாரும் யோசனை சொன்னார்கள். அம்மாச்சிதான், "வாய் பேசாத ஜீவன், காதும் இல்லை என்றால் அது எங்கே போகும்?" என்று சொல்லித் தடுத்துவிட்டார்கள்.

அன்று முதல் அந்த வீட்டின் பழக்கங்களே மாறின. அடுப்படியில் நின்றபடி அதைக் கூப்பிட முடியாது. எழுந்து போய் அதன் முன்னால் நின்று கையைக் காட்ட வேண்டும். தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் பயந்துவிடும் என்பதால் முதலில் தரையைக் காலால் மெல்லத் தட்ட வேண்டும். அல்லது கையை அதன் மூக்கருகே வைத்துக் காத்திருக்க வேண்டும். சோறு வைப்பதற்குக்கூட அவசரம் உதவாது. ஒரே நேரத்தில் நாலு வேலையைப் பார்த்துக்கொண்டு நாலு பேரையும் அதட்டிக்கொண்டிருந்த அம்மா, இந்த நாய்க்காக ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கையில் உள்ளதை வைத்துவிட்டு முற்றத்திற்கு நடக்கிறார்கள். "இதற்குக் கொடுக்கிற கவனத்தை உங்களுக்குக் கொடுத்திருந்தால் நீங்கள் எல்லாரும் கலெக்டர் ஆகியிருப்பீர்கள்" என்று சிரிப்பார்கள்.

வாயால் 'வா' என்று சொல்லிக்கொண்டு கண்ணால் கைப்பேசியைப் பார்த்தால் அது வராது. நம் முகம் அதன் பக்கம் திரும்பினால்தான் வரும். மனிதரிடம் 'உம்' கொட்டி ஏமாற்றிவிடலாம், இதனிடம் நடக்காது. நாய் தியானம் செய்கிறது என்றெல்லாம் நாங்கள் சொல்ல வரவில்லை. வெயிலில் படுத்திருக்கும் நாய் வெயிலில் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நாளைய பரீட்சையையும் நேற்றைய சண்டையையும் சுமந்துகொண்டு அதே வெயிலில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு, அந்த 'அவ்வளவுதான்' எத்தனை அரிது!

ஏன் காது கேட்கவில்லை என்று விலங்கியல் ஆசிரியையிடம் கேட்டோம். தோலுக்கும் உரோமத்திற்கும் நிறம் தருகிற உயிரணுக்கள் உட்செவிக்கும் தேவையாம். அவை அங்கே இல்லாவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் பகுதி கெட்டுவிடுகிறது. வெள்ளை மேனியில் கரும்புள்ளிகள் கொண்ட டால்மேஷியன் நாய்களை அமெரிக்காவில் சோதித்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது நாய்களுக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்கவில்லை. ஆக, நம் இராஜபாளையம் நாய்க்கு வந்த குறையில் மனிதனின் ஆசைக்கும் பங்கு உண்டு. தூய வெள்ளைதான் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்தார்கள். பழுப்போ கறுப்போ கலந்து பிறந்த குட்டிகளைப் பிறந்தவுடனே கழித்துவிடும் வழக்கமும் இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது. நிறத்தைப் பார்த்துத் தள்ளுவது எப்படி வலிக்கும் என்று பெண் பிள்ளைகளாகிய எங்களுக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை.

2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் சிப்பிப்பாறை, கோம்பை நாய்களோடு இதன் பெயரும் வந்தது. ஊர்ப் பெயர் நாடெங்கும் ஒலித்ததில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்காக வாங்கிப்போய் வாசலில் கட்டிப்போடுகிறவர்களைப் பார்க்கிறோம். வேட்டையில் ஓடுவதற்கென்றே அமைந்த கால்கள் இரண்டு முழச் சங்கிலியில் வட்டமிடுகின்றன. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை உரிய அளவு நடக்கவோ ஓடவோ விடாமலிருப்பது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இதைச் சொன்னால், "எங்கள் நாய், எங்கள் சங்கிலி" என்கிறார்கள்.

பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் இது. நாய் வாங்கப் போகும்போது 'எவ்வளவு வெள்ளை?' என்று கேட்காதீர்கள். தாய் தகப்பன் நாய்களுக்குக் காது கேட்கிறதா என்று கேளுங்கள். குட்டியின் பின்னால் நின்று மெல்லக் கைதட்டிப் பாருங்கள். பிறந்து இரண்டு வாரம் போலத்தான் காதே திறக்கும், ஆகையால் அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். நிறம் கலந்த குட்டியையும் வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் வளர்ப்பவர்கள் அதை ஏன் கழிக்கப்போகிறார்கள்? வாங்கிய பிறகு காது கேட்காது என்று தெரிந்தால், தெருவில் விடாதீர்கள். அம்மாச்சி சொன்னதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இராஜபாளையத்தில் எங்கள் உறவினர் ஒருவர் வீட்டு நாய் பொங்கலுக்குள் குட்டி போடும் என்கிறார்கள். பழுப்பு நிறத்தில் ஒன்று பிறந்தால் அது எங்களுக்கு என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம். "விலையில்லாமல் தருகிறேன், எடுத்துக்கொண்டு போங்கள்" என்று மாமா சிரித்தார். விலை கொடுத்துத்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.