பதினொன்றாம் வகுப்பைத் தொலைத்த பௌதிகம்

தம்மம்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பிளஸ் டூ முடித்து நிற்கும் மாணவ மணிகளிடம் ஐந்து வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். விண்வெளி நிலையத்தில் மனிதன் மிதப்பது ஏன்? ஐன்ஸ்டைனின் சார்பியல் கூறுவது யாது? அணுகுண்டு வெடிப்பது எதனால்? ராமன் விளைவு என்பது என்ன? எலெக்ட்ரானை 'நோக்குதல்' என்றால் என்ன பொருள்?

நம் செவியில் அடிக்கடி விழும் விடைகள் இவை: விண்வெளியில் ஈர்ப்பு விசை இல்லை. உலகில் எல்லாமே சார்புடையது என்றார் ஐன்ஸ்டைன். அவர் கண்ட சமன்பாடே அணுகுண்டை வெடிக்கச் செய்கிறது. வானம் நீலமாகத் தெரிவதே ராமன் விளைவு. பார்ப்பவனின் மனத்துக்கு ஏற்ப எலெக்ட்ரான் தன்னை மாற்றிக்கொள்கிறது.

ஐந்தும் பிழை. இவற்றைச் சொல்லும் பிள்ளை பௌதிகத்தில் தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையாகவும் இருக்கக்கூடும் என்பதே நம்மைக் கவலைக்கு உள்ளாக்குகிறது. அறியாத பிள்ளைக்குக் கற்பித்துவிடலாம். அறிந்துவிட்டதாக மதிப்பெண் பட்டியல் சான்று கூறும் பிள்ளைக்குக் கற்பிப்பது எங்ஙனம்?

குற்றம் பிள்ளைகளுடையது அன்று. பிளஸ் ஒன் என்னும் பதினொன்றாம் வகுப்பை அவர்களிடமிருந்து பறித்தவர்கள் இருக்கிறார்கள். பறிக்கக் கட்டணமும் கொடுத்து வாய்மூடி நின்ற பெற்றோராகிய நாமும் இருக்கிறோம்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இக்கதையை அறியாதார் இல்லை. கொல்லிமலைக்கு அப்பாலுள்ள நாமக்கல் பகுதியின் விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்ப்பதற்காக நகையை அடகு வைத்த குடும்பங்கள் நம் ஜமாஅத்துகளிலும் உண்டு. எல்லாப் பள்ளிகளையும் ஒரே கோலால் அளக்க நாம் விரும்பவில்லை. எனினும், பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, ஈராண்டும் அதனையே மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் நெடுங்காலம் நிலவியது. அதனைத் தடுக்கவே 2017இல் தமிழக அரசு பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என அறிவித்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. பின்னர், 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை நீக்கியது. அடுத்தடுத்து மூன்றாண்டுகள் பொதுத்தேர்வு என்னும் சுமை இளம் தோள்களிலிருந்து இறங்கியதை நாம் குறை கூறோம். ஆனால் வேலியை எடுத்தவுடன் ஆடு எங்கே மேயும் என்பதை அறியாதவர்களா நாம்?

பதினொன்றாம் வகுப்புப் பாடங்கள் எவை? அளவீடு, இயக்கம், விசை, ஆற்றல், ஈர்ப்பு, வெப்பம், அலை. பன்னிரண்டாம் வகுப்பின் பிற்பகுதியில் வரும் நவீன பௌதிகம் இந்த அடித்தளத்தின்மீது எழுந்த மாடியாகும். அடித்தளம் இடாமல் மாடியை எழுப்பினால் என்ன நேரும் என்பதைத்தான் மேற்கூறிய ஐந்து விடைகளும் காட்டுகின்றன. ஒவ்வொன்றாக நோக்குவோம்.

விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அங்கே புவியீர்ப்பு தரையில் இருப்பதில் சுமார் 88 விழுக்காடு அப்படியே இருக்கிறது. இல்லையேல் அந்நிலையம் புவியைச் சுற்றாமல் நேர்கோட்டில் எங்கோ போய்விடும் அன்றோ? அதுவும் அதிலுள்ள மனிதரும் சேர்ந்தே புவியை நோக்கி ஓயாமல் விழுந்துகொண்டிருக்கின்றனர். நொடிக்கு ஏறத்தாழ 7.7 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் விரைவதால், விழும் பாதை புவியின் வளைவோடு ஒத்துப்போகிறது. விழுகிறவனைத் தாங்கும் தளம் இல்லாததால் அவன் எடையை உணர்வதில்லை. 'ஈர்ப்பு' பாடத்தைப் படித்த எவருக்கும் இது விளங்கும். அந்தப் பாடத்தைத் தாண்டிக் குதித்தவனுக்கு எக்காலத்திலும் விளங்காது.

அடுத்து, 'எல்லாமே சார்புடையது' என்பது. ஐன்ஸ்டைன் 1905இல் தொடங்கிய இடமே மாறாத ஒன்றுதான். யார் அளந்தாலும், எவ்வளவு வேகத்தில் சென்றுகொண்டே அளந்தாலும், வெற்றிடத்தில் ஒளியின் வேகம் ஒன்றே. இயற்கையின் விதிகளும் எல்லோருக்கும் ஒன்றே. இவ்விரண்டும் மாறக்கூடாது என்றால் காலமும் நீளமும் அளப்பவருக்கு ஏற்ப வேறுபட்டே ஆக வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. "உண்மையே சார்புதான், ஆளுக்கொரு நியாயம்" என்று மேடையில் முழங்குவோர் அவரைத் துணைக்கு அழைப்பது பெரும் அநியாயம்.

இது வெறும் ஏட்டுச் சித்தாந்தம் என எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. 1977 ஜூனில் அமெரிக்கா என்.டி.எஸ்.-2 என்னும் செயற்கைக்கோளை ஏவிற்று. இன்று நம் கைபேசி வழிகாட்டும் ஜி.பி.எஸ். முறைக்கான முன்னோடிச் சோதனை அது. அதில் சீசியம் அணுக் கடிகாரம் ஒன்று இருந்தது. உயரத்தில் ஈர்ப்பு குறைவதன் விளைவையும், செயற்கைக்கோள் விரைந்து ஓடுவதன் எதிர் விளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், அக்கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட இலட்சம் கோடியில் 446.5 பங்கு விரைந்து நடக்க வேண்டும் என்று சார்பியல் கணித்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோநொடி! அவ்வளவு நேரத்தில் ஒளி 11 கி.மீ.க்கு மேல் சென்றுவிடும். இதனை ஐயுற்ற பொறியியலாளரும் இருந்தனர். ஆகவே வேறுபாட்டைச் சரிசெய்யும் கருவியைக் கடிகாரத்தோடு இணைத்திருந்தும், அதனை இயக்காமல் சுமார் 20 நாட்கள் ஓடவிட்டு அளந்தார்கள். கிடைத்த விடை 442.5. ஐயம் தீர்ந்தது.

அறிவியலில் வாதம் முடிவது இவ்வாறுதான் என்பதைப் பெற்றோர் மனத்தில் இருத்த வேண்டும். ஐயுற்றவனை எவரும் ஏசவில்லை. அவன் நம்பும்படியாக அளந்து காட்டினார்கள். 'அளவீடு' என்னும் முதற்பாடத்தையே படிக்காத பிள்ளைக்கு இந்தக் கதையின் அழகு எப்படித் தெரியும்?

மூன்றாவது, அணுகுண்டு. தம்மம்பட்டியின் மரச் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றுப் புகழ் பரப்புவதை நாம் அறிவோம். அந்தச் சிற்பக் கூடங்களில் உதிரும் மரச்சீவலில் உலர்ந்த ஒரு கிலோவை அடுப்பிலிட்டால் சுமார் 1.6 கோடி ஜூல் வெப்பம் வெளிப்படும். எரிவதற்கு முன் மரமும் அது எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனும் சேர்ந்த நிறையைவிட, எரிந்த பின் சாம்பலும் புகையும் வாயுக்களும் சேர்ந்த நிறை குறைவு. குறையும் அளவு ஒரு மைக்ரோகிராமில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஐன்ஸ்டைனின் சமன்பாடு உம்மாவின் அடுப்புக்கும் பொருந்தும், அணுகுண்டுக்கும் பொருந்தும். ஒரு கிலோ யுரேனியம் முழுவதும் பிளவுற்றால் குறையும் நிறை ஒரு கிராமுக்குச் சற்றே குறைவு. அளவில்தான் வேறுபாடு.

ஆயின், குண்டு வெடிப்பது எதனால்? பெர்லினில் ஆட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும் 1938 டிசம்பரில் கண்ட அணுக்கருப் பிளவினாலும், ஒரு பிளவில் வெளியேறும் நியூட்ரான்கள் அடுத்தடுத்த கருக்களைப் பிளக்கும் தொடர் வினையினாலும். ஹானின் சோதனைக்குப் பொருள் கண்ட லீசே மைட்னரும் ஃபிரிஷும், வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட அச்சமன்பாட்டைப் பயன்படுத்தினர். சமன்பாடு கணக்கப்பிள்ளையே தவிர வெடிமருந்து அன்று.

நான்காவது, ராமன் விளைவு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமனை நம்மவர் எனப் பெருமை பேசும் நாம், அவர் கண்டது எதுவென அறியாதிருப்பது நாணத்தக்கது. வானம் நீலமாக இருப்பதன் காரணத்தை 1871இலேயே ராலே பிரபு விளக்கிவிட்டார்: குறுகிய அலைநீளமுள்ள நீல ஒளியைக் காற்றின் மூலக்கூறுகள் மிகுதியாகச் சிதறடிக்கின்றன. கடலின் நீலம் வானத்தின் வெறும் பிரதிபலிப்பு அன்று என்பதை 1921இல் கப்பற் பயணத்தின்போது ராமன் ஆராய்ந்தார். அந்த ஆர்வமே அவரை ஒளிச்சிதறல் ஆய்வில் ஆழ்த்தியது. 1928 பிப்ரவரி 28 அன்று, கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு கல்கத்தாவில் அவர் கண்டது வேறொன்று. சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகிறது. ஒளித்துகள் மூலக்கூறோடு மோதித் தன் ஆற்றலில் சிறிது கொடுக்கிறது, அல்லது பெறுகிறது. அந்தக் கொடுக்கல் வாங்கலின் அளவு மூலக்கூறின் அடையாளத்தைச் சொல்லிவிடுகிறது. மோதல், ஆற்றல் அழியாமை என்னும் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களே இதற்குத் திறவுகோல்.

ஐந்தாவது, பார்ப்பவன் மனம். 'நோக்குதல்' என்றால் பௌதிகத்தில் கண்ணால் காண்பதோ மனத்தால் எண்ணுவதோ அன்று. எலெக்ட்ரான் சென்ற வழியின் சுவடு ஒரு கருவியில் பதிவதே நோக்குதல். அறையில் ஒருவரும் இல்லாமல் பொறி மட்டும் பதிவு செய்தாலும் விளைவு அதுவே. மனத்தால் பொருளை மாற்றலாம் என விலைக்கு விற்போர், குவாண்டம் என்னும் சொல்லைத் தம் கடைப்பலகையில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவே.

காலியான இடத்தில் களை முளைக்கும். 2019 ஜனவரியில் ஜலந்தரில் கூடிய 106ஆவது இந்திய அறிவியல் மாநாட்டில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒருவர் நியூட்டனும் ஐன்ஸ்டைனும் ஈர்ப்பைத் தவறாக அறிந்தவர்கள் என்று பேசினார். ஐன்ஸ்டைன் பிழைபட்டார் என்று சொல்வது பாவமன்று. அவர் எங்கே பிழைபடுவார் என்று தேடுவதே பௌதிக அறிஞர் பலரின் அன்றாடப் பணி. ஆனால் 2015 செப்டம்பரில் ஈர்ப்பலையையே அளந்துவிட்ட உலகின் முன்னால் நிற்பவர், தம் அளவை எதுவெனக் காட்ட வேண்டாமா?

பிறரை மட்டும் சாடினால் நேர்மையாகாது. நம் சமுதாயத்திலும் ஒளியின் வேகத்தை இறைமறையிலிருந்தே கணக்கிட்டு எடுத்துவிட்டதாகக் கூறும் துண்டுப் பிரசுரங்கள் பெருநாள் வாழ்த்தைப்போல் கைக்குக் கை மாறுகின்றன. வியாழனின் துணைக்கோளை நோக்கி, ஒளி பயணம் செய்யக் காலம் எடுக்கிறது என்பதை 1676இல் ரோமர் காட்டினார். நூற்றாண்டுகளாக அளந்து அளந்து, 1983இல் நொடிக்கு 2,99,792.458 கி.மீ. என நிலைநிறுத்தினர். இந்த எண் தெரியும் முன்னர் எவரேனும் வசனத்திலிருந்து இதனைச் சொன்னதுண்டா? விடையைப் பார்த்துவிட்டுப் போடும் கணக்கைப் பள்ளிப் பிள்ளை செய்தால் அடிக்கிறோம். பிரசுரம் செய்தால் முத்தமிடுகிறோம். இறைமறையின் மாண்பு இத்தகைய முட்டுக்கட்டைகளை வேண்டி நிற்கவில்லை.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதமின் பெயரை நம் விழா மேடைகளில் முழங்குகிறோம். அவர் செய்தது என்ன? கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிடும் டாலமியும் சொன்னதைச் சோதனையால் மறுத்தார். டாலமியின் மீதுள்ள ஐயங்களைத் தனி நூலாகவே எழுதினார். பெரியோர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்காத மனிதரை, பெரியோர் என்பதற்காக மட்டுமே போற்றிக்கொண்டிருக்கிறோம்.

"இதெல்லாம் வசதி படைத்தோர் பேச்சு, எங்களுக்கு வேண்டியது மதிப்பெண்ணும் இடமும்" என ஓர் அத்தா கேட்கலாம். நியாயமான கேள்வி. விடையும் உண்டு. நீட், ஜே.இ.இ. ஆகிய நுழைவுத் தேர்வுகள் பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வினா எழுப்புகின்றன. பதினொன்றைப் பறிகொடுத்த பிள்ளை அங்கே பாதிப் பாடத்தை முதன்முறையாகச் சந்திக்கிறான். அதற்கென மீண்டும் ஓராண்டுப் பயிற்சி, மீண்டும் கட்டணம். ஒரே சரக்குக்கு இருமுறை விலை கொடுக்கும் வணிகனை நம் கடைவீதியில் என்னவென்று அழைப்போம்?

ஆகவே நாம் கேட்பது இது. பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் பெற்றோர், தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கும் அதே வாயால், பதினொன்றாம் வகுப்பு மாணவரின் பௌதிகச் செய்முறைக் குறிப்பேட்டையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் பள்ளியின் வாசலிலேயே விடைபெற்றுக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணுக்கு மட்டும் பரிசு தரும் ஜமாஅத்துகள், தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 அன்று, ஒன்றை அளந்து காட்டிய பிள்ளைக்கும் ஒரு பரிசு தரட்டும். நூலும் கல்லும் கொண்டு ஊசலாட்டி நம் ஊரின் புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்க இருபது ரூபாய்கூட ஆகாது.

கல்வித் துறைக்கும் ஒரு சொல். பொதுத்தேர்வை நீக்கினீர்கள், பாடத்தை நீக்கவில்லை. எனவே பதினொன்றாம் வகுப்பில் என்ன நடத்தப்படுகிறது என்பதை ஆண்டின் நடுவே முன்னறிவிப்பின்றிச் சென்று பாருங்கள். கரும்பலகையில் எழுதியிருப்பது எந்த வகுப்பின் பாடம் என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.