வெளிச்சம் யாருக்கு?

காரின் முகப்பு விளக்கைக் கழற்றி, சூடேற்றிப் பசையை இளக்கி, உள்ளே புரொஜெக்டர் லென்ஸ் பொருத்தும் வேலையை வீட்டிலேயே செய்கிறார்கள் இளைஞர்கள். கைத்திறன் வாழ்க! ஆனால், தோழர்களே, அந்த வெளிச்சம் பாதையைக் காட்டவா, எதிரே வருபவன் பார்வையைப் பறிக்கவா?

லென்ஸுக்குப் பின்னே சிறு தகடு ஒன்று உண்டு. டிம் ஒளி மேலெழாமல் மறித்து, எதிரே வருபவன் கண்ணைக் காப்பது அதுதான். பழைய விளக்கிலே பளீர் பல்பை மட்டும் மாட்டுவோருக்கு அந்தக் காவல் இல்லை.

தகடு இருந்தால் போதுமா? போதாது! இந்நாட்டில் நாம் செல்வது சாலையின் இடப்பக்கம். ஓரத்தில் நடப்போர் தெரிய, ஒளியின் மேல்விளிம்பு இடப்புறம் சற்று உயரவேண்டும். வலப்பக்கம் செல்லும் நாடுகளுக்கென்று செய்த லென்ஸிலோ வலப்புறம் உயரும். மலிவென்று அதை மாட்டினால், காவலாளே கன்னமிட்ட கதைதான்!

ஆகவே, கேட்டு வாங்குங்கள். பொருத்தியபின் சமதரையில், சுவருக்கு நேரே காரை நிறுத்திப் பாருங்கள். விளிம்பு இடப்புறம்தான் உயர்கிறதா? வலப்புறம் விளக்கின் உயரத்துக்குக் கீழே நிற்கிறதா? இல்லையேல், திருத்தும்வரை சாலைக்கு எடுக்காதீர்கள்.

எதிரே சைக்கிளில் வருபவன், இரவு வேலை முடித்து வீடு திரும்பும் தொழிலாளி. அவன் கண்ணை இருளவைத்து நாம் பெறும் வெளிச்சம் நமக்கு வேண்டாம்!