எட்டு வருடமும் நான்கு மாதமும்

"மச்சி, அந்தப் பறவைக்கு காலண்டர் பார்க்கத் தெரியுமா?"

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மே மாதத் தொடக்கத்தில், லீட்ஸிலிருந்து மாலம் கிராமத்துக்குப் போகும் வழியில் காரில் நண்பன் கேட்டான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்படிச் சிரித்ததற்குத்தான் இந்தக் கட்டுரை.

மாலம் கோவ் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் பாறைச்சுவர். சுமார் 80 மீட்டர் உயரம், 300 மீட்டர் அகலம். உள்பக்கம் வளைந்து நிற்கும். பனியுகம் முடிந்த காலத்தில் உருகிய நீர் இதன் மேலிருந்து அருவியாகக் கொட்டியது. இப்போது பாறையின் அடியிலிருந்து ஒரு சிற்றோடை மட்டும் அமைதியாக வெளியே வருகிறது.

பாறை ஏறுபவர்களுக்கு இந்த இடம் வேறு காரணத்துக்காகப் புனிதம். 2003இல் ஸ்டீவ் மெக்லூர் இங்கே 'ரெயின்ஷேடோ' என்ற பாதையை ஏறினார். கடினத்தின் அளவு 9ஏ. அதே பாறையில் 2011இல் 'ஓவர்ஷேடோ', 9ஏ பிளஸ். நடுவில் எட்டு வருடம். ஸ்போர்ட் கிளைம்பிங்கில் போல்ட்டுகள் பாறையில் ஏற்கெனவே அடித்திருக்கும், விழுந்தால் கயிறு தாங்கும். அதனால் உயிர்ப்பயம் இங்கே முக்கிய விஷயம் இல்லை. விரல்நுனி மட்டும் பதியும் ஒரு விளிம்பைப் பிடித்து, கால் எங்கே, இடுப்பு எங்கே என்று ஒரே அசைவை நூறு முறை, இருநூறு முறை செய்து பார்த்து, விழுந்து, மறுபடி தொங்கி, அடுத்த வாரம் திரும்பி வருவதுதான் விளையாட்டு. பொறுமைதான் எங்கள் பெருமை. நான் ஏறுவது 9ஏ அல்ல, அதற்குப் பல படி கீழே. ஆனால் பெருமையில் குறைச்சல் கிடையாது.

இதே பாறையில் பெரிகிரின் வல்லூறுகளும் கூடு வைக்கின்றன. பிரிட்டனில் கூடு வைக்கும் பாறைகளுக்குப் பெரும்பாலும் மார்ச் முதல் ஜூன் வரை தடை. அதுவும் முழுப் பாறைக்கு அல்ல, கூட்டைச் சுற்றிய பகுதிக்கு மட்டும். பக்கத்துச் சுவரில் தாராளமாக ஏறலாம். கூடு இடம் மாறினால் தடையும் மாறும், குஞ்சுகள் சீக்கிரம் பறந்துவிட்டால் தடையும் சீக்கிரம் போய்விடும். இதைவிட நியாயமாக ஒரு தடையை எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று நாங்கள் தொட்டது தடைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பாதை. "ஓரம்தானே, ரெண்டு போல்ட் தூரம்தான்" என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். மூன்றாவது போல்ட்டில் கயிற்றைக் கோக்கும்போது அந்தச் சத்தம் வந்தது. 'கெக் கெக் கெக்' என்று கரகரப்பாக, நிறுத்தாமல். பெண் பறவை என் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. பறவைக்குப் பழகிவிடும் என்று நினைத்து மேலே போனேன்.

இறங்கியபோது, கீழே தொலைநோக்கியோடு நின்றிருந்த ஒரு வயதான பெண்மணி எங்களிடம் வந்தார். திட்டவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அவள் கூட்டை விட்டு எழுந்து இருபத்திரண்டு நிமிடம் ஆகிறது. குஞ்சுகள் பொரித்து நாலு நாள்தான்" என்றார். அவ்வளவுதான். நாலு நாள் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. மே மாத யார்க்‌ஷயர் காற்று எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் ஜாக்கெட் போட்டிருந்தேன்.

ஏறுபவர்கள் கூடும் இடங்களில் இந்தத் தடைக்கு எதிராக மூன்று வாதங்கள் சுற்றுகின்றன. மூன்றையும் நானே பேசியிருக்கிறேன்.

முதலாவது: "இந்தப் பறவைகளை அழித்தது நாங்களா?" இல்லை. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பிரிட்டனின் வல்லூறுகள் சரிந்ததற்குக் காரணம் டிடிடி போன்ற பூச்சிமருந்துகள். டெரெக் ராட்க்ளிஃப் பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டை ஓடுகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, ஓடு மெலிந்துபோனதை 1967இல் எழுதினார். அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையையே முட்டை தாங்கவில்லை. நம் ஊரில் பாறுகளுக்கு நடந்ததும் இதே மாதிரிக் கதைதான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலிமருந்து, அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா 2006இல் தடைசெய்தபோது பெரும்பகுதி போய்விட்டது.

நான் முதன்முதலில் கயிறு கட்டியது பெங்களூருக்குப் பக்கத்திலிருக்கும் ராமநகரத்தில். 'ஷோலே' எடுத்த அதே பாறைகள். அங்கே ராமதேவர பெட்டா 2012இல் பாறுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கருங்கழுத்துப் பாறுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்த பிறகு, நாலு மாதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வருடம் பூராவும் ஏறக்கூடாது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, மனஸ்தாபம் கிடையாது. நாம் அழிக்கவில்லை என்பது உண்மைதான். விஷத்துக்குத் தப்பி மிஞ்சியவற்றுக்கு நாம் கொஞ்சம் இடம் விடவேண்டும் என்பதும் உண்மை. வீடு எரிந்து நிற்பவனிடம் போய், "கொளுத்தியது நானில்லை, அதனால் உன் திண்ணையில் படுத்துக்கொள்கிறேன்" என்பது என்ன நியாயம்?

இரண்டாவது: "லண்டன் நடுவிலேயே வல்லூறு கூடு வைக்கிறது, அதுக்குச் சத்தமெல்லாம் பழக்கம்தான்." வைக்கிறது. ஆனால் அங்கே பஸ்ஸும் ஜனமும் கீழே போகின்றன. கூட்டின் மட்டத்தில் யாரும் கயிற்றில் தொங்குவதில்லை. செங்குத்துப் பாறையை அது தேர்ந்தெடுத்ததே அங்கே எதுவும் ஏறி வராது என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கும் ஒரே மிருகம் நாம்.

மூன்றாவதுதான் உண்மையான வாதம், யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: "என் சீசன் போச்சு." இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மாலம் தெற்குப் பார்த்த சுவர். குளிர்காலத்துக்குப் பின் நீர்க்கசிவு காயும் வசந்தத்தில்தான் பிடிகள் நன்றாக ஒட்டும். கோடையில் வெயில் ஏறினால் விரல் வழுக்கும். உடம்பு தயாராக இருக்கும் வருடங்களும் குறைவு. ஆகவே இழப்பு நிஜம். ஆனால் இழப்பு நிஜம் என்பதால்தான் அதை விட்டுக்கொடுப்பதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. நமக்கு வேண்டாத ஜனவரி மழையில் ஒதுங்கி நிற்பது எந்தத் தியாகமும் இல்லை.

நம் பேச்சையும் கவனியுங்கள். "என் ப்ராஜெக்ட்", "என் லைன்", "அதை முடிச்சுட்டேன்". நாம் அங்கே வருடத்தில் இருபது நாள் வருகிற விருந்தாளி. அந்தத் தாய் மூன்று நான்கு முட்டையிட்டு, ஒரு மாதம் அடைகாத்து, அதன்பின் ஆறு வாரம் இரை ஊட்டுகிறாள். அடுத்த வருடம் என்று தள்ளிப்போட அவளுக்கு வழியில்லை. கூடு வைக்கும் வல்லூறைத் தொந்தரவு செய்தால் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை. ஆனால் போலீசுக்குப் பயந்து விலகி நிற்பவனைப் பற்றி எனக்கு அக்கறையில்லை. ஒரு விளிம்பைப் பிடிக்க எட்டு வருடம் காத்திருந்த கதையைக் கண் கலங்கப் பேசிவிட்டு, ஒரு குஞ்சுக்கு நாலு மாதம் பொறுக்க முடியாது என்பவர்களிடம்தான் என் சண்டை. அப்படியானால் அது பொறுமையே அல்ல, பிடிவாதம்.

இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் ஜிம்களில் ஏறப் பழகிய பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பாறைகளுக்குப் போகிறார்கள். சந்தோஷம். பெரிகிரினின் நம் ஊர் உறவான ஷாஹீன் வல்லூறும் தென்னிந்தியப் பாறைகளில்தான் கூடு வைக்கிறது. பலகையோ தொலைநோக்கியோ அங்கே உங்களுக்காகக் காத்திருக்காது. 'கெக் கெக்' என்று கேட்டால் இறங்கிவிடுங்கள். அது உங்களை வரவேற்கவில்லை.

அந்த வருடம் எத்தனை குஞ்சுகள் பறந்தன என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியம் வரவில்லை. போன வருடம் ஜூலையில், தடை நீங்கிய பிறகு போனேன். நண்பனும் வந்தான். வெயிலில் விரல் வழுக்கி, அதே மூன்றாவது போல்ட்டுக்கு மேலே நாலு முறை விழுந்தேன். ஐந்தாவது முறை கயிற்றில் தொங்கும்போது, இளம் வல்லூறு இரண்டு ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுவரைத் தாண்டிப் போயின.

"ஏறுறியா, பார்த்துட்டே இருக்கியா?" என்று கீழேயிருந்து நண்பன் கத்தினான். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.