குடை பாராசூட் ஆகுமா?

அன்புக் குழந்தைகளே,

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வெண்ணந்தூரில் அலவாய்மலைப் பக்கம் மேகம் கூடத் தொடங்கிவிடும். மதியம் வரை வெயில் காயும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் சடசடவென்று மழை கொட்டும். நீங்களும் புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருப்பீர்கள். அந்த மழைத்துளி எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது! தலையில் பட்டால் ஏன் மண்டை உடைவதில்லை?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மேலிருந்து விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் கூடிக்கொண்டே போகும். முதல் விநாடி முடிவில் விநாடிக்குச் சுமார் 10 மீட்டர். இரண்டாவது விநாடி முடிவில் 20 மீட்டர். மூன்றாவதில் 30 மீட்டர். இப்படியே போனால், 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் துளி தரையைத் தொடும்போது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் வர வேண்டும். அப்படி ஒரு மழை பெய்தால் மரவள்ளிக் காட்டில் ஓர் இலை மிஞ்சுமா? ஆனால், பெரிய மழைத்துளிகூட விநாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில்தான் விழுகிறது. அதாவது, மணிக்கு 32 கிலோமீட்டர். மீதி வேகம் எங்கே போனது?

காற்றுதான் அதைக் கூட விடாமல் தடுத்தது!

அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது காற்று முகத்தில் அடிக்கிறதல்லவா? வண்டியின் வேகம் கூடக் கூட, காற்று தள்ளுவதும் கூடும். விழும் துளிக்கும் அப்படித்தான். வேகம் கூடும்போது கீழிருந்து காற்றின் தடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் துளியின் எடையும் காற்றின் தடையும் சமமாகிவிடும். அதற்குப் பிறகு துளி நிற்பதில்லை. ஆனால் வேகம் கூடுவதும் இல்லை. ஒரே சீராக இறங்கும். இந்த எல்லை வேகத்தை 'முற்றுத் திசைவேகம்' என்று மேல்வகுப்பில் படிப்பீர்கள்.

காற்றே இல்லாத இடத்தில் இந்த எல்லையும் இல்லை. 1971-இல் அப்பல்லோ 15 விண்கலத்தில் நிலவுக்குப் போன டேவிட் ஸ்காட், ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தன!

நம் பூமியிலோ ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எல்லை. எடை குறைவாகவும் பரப்பு அதிகமாகவும் இருந்தால் எல்லை வேகம் குறைவு. இலவம் பஞ்சு மிதந்து மிதந்து வருவது அதனால்தான். தென்னை உச்சியிலிருந்து விழுந்த எறும்பு ஒன்றும் நடக்காததுபோல எழுந்து போவதும் அதனால்தான். ஆனால், விமானத்திலிருந்து குதித்துக் கைகால்களை விரித்துக்கொண்டு விழும் மனிதனின் எல்லை வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். எறும்புக்குச் சரிப்பட்டது நமக்குச் சரிப்படாது.

இதை நான் ஏன் இன்று எழுதுகிறேன் தெரியுமா? பல ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் பாராசூட் பற்றிப் பாடம் நடத்தினேன். "குடை மாதிரி விரியும், காற்றைப் பிடித்துக்கொள்ளும், மெதுவாக இறங்கலாம்" என்று சொல்லி, கரும்பலகையில் படமும் வரைந்தேன். அடுத்த நாள் ஒரு மாணவன் வரவில்லை. வீட்டு மாடியிலிருந்து தாத்தாவின் குடையைப் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டான்! காலில் மாவுக்கட்டு. பார்க்கப் போனேன்.

"ஏன் கண்ணு இப்படிப் பண்ணினே?" என்றேன்.

"நீங்கதானுங்க சார் சொன்னீங்க, குடை மாதிரின்னு" என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. தப்பு என்னுடையது. 'குடை மாதிரி' என்று சொன்ன நான், எவ்வளவு பெரிய குடை என்று சொல்லவில்லையே!

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர் அகலக் குடை. 30 கிலோ எடையுள்ள பையன். குடை மடங்காமல் இருந்தால்கூட எல்லை வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் அளவுக்கு வருகிறது. 12 அடி மாடியிலிருந்து விழுந்தால், ஒரு விநாடி ஆவதற்குள் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதிவிடுவோம். குடை உதவிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஏறக்குறைய மழைத்துளியின் வேகம்தான். ஆனால் துளியின் எடை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, பையனோ 30 கிலோ! ராணுவ வீரர்களின் பாராசூட் 25, 30 அடி அகலம் விரிவது சும்மா இல்லை.

நம் விஞ்ஞானிகள் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். 2007 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமார் 550 கிலோ எடையுள்ள ஒரு கலத்தை இஸ்ரோ விண்ணுக்கு அனுப்பியது. 12 நாள் பூமியைச் சுற்றிய பிறகு அதைத் திரும்ப இறக்கினார்கள். 5 கிலோமீட்டர் உயரத்துக்கு வந்தபோது அதன் வேகம் விநாடிக்கு 101 மீட்டர். சின்னப் பாராசூட்டுகள் விரிந்ததும் 47 மீட்டர். பெரிய பாராசூட் விரிந்த பின் 12 மீட்டர். அந்த வேகத்தில் வங்கக் கடலில் இறங்கியது. பரப்பு கூடக் கூட எல்லை வேகம் குறைந்துகொண்டே வந்ததைக் கவனித்தீர்களா?

அதோடு விடவில்லை. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக, 2025 ஆகஸ்ட் 24-இல், ஏறக்குறைய 5 டன் எடையுள்ள ஆளில்லாத மாதிரிக் கூண்டை ஹெலிகாப்டரில் 3 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் சென்று கீழே விட்டார்கள். பாராசூட்டுகள் சரியாக விரிந்தன. உள்ளே ஆளை உட்கார வைப்பதற்கு முன் வெறும் கூண்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். என் மாணவனோ முதல் சோதனையிலேயே தன்னை வைத்துப் பார்த்துவிட்டான்!

கால் தேறி அவன் வந்த அன்று, வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு சோதனை செய்தோம். நீங்களும் செய்யலாம். ஒரு கைக்குட்டையின் நான்கு முனைகளிலும் சம நீளத்தில் நூல் கட்டுங்கள். எங்கள் ஊரில் தறி நூலுக்கா பஞ்சம்! நான்கு நூலையும் சேர்த்து ஒரு சின்னக் கூழாங்கல்லைக் கட்டுங்கள். பெரியவர் ஒருவர் மாடியிலிருந்து போடட்டும். நீங்கள் கீழே சற்றுத் தள்ளி நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பிறகு அதே கைக்குட்டையில் இரண்டு கல், மூன்று கல் கட்டிப் பாருங்கள். எத்தனை கல்லுக்கு எவ்வளவு நேரம் என்று நோட்டில் குறித்து வையுங்கள்.

கேள்வி கேளுங்கள், சோதித்தும் பாருங்கள். வாத்தியார் சொன்னதாகவே இருந்தாலும் சரி. ஆனால் சோதனைக்குக் கல்லைக் கட்டுங்கள் செல்லங்களே, உங்களைக் கட்டாதீர்கள்!

அன்புடன்,
உங்கள் வாத்தியார் தாத்தா