வடம் பிடிப்போரும் முட்டுக்கட்டை இடுவோரும்

தேர்த் திருவிழா அன்று வடத்தைத் தொட்டாலே போதும் என்று ஆயிரம் கைகள் நீளுகின்றன. அத்தனை கைகளும் தத்தம் முழு வலிமையோடு இழுக்கின்றனவா? இக்கேள்வி பக்திக்கு மாறானதன்று. பிரான்சு நாட்டு வேளாண் பொறியியல் அறிஞர் மாக்ஸ் ரிங்கல்மான், 1880-களில் கயிற்றையும் ஆட்களையும் கொண்டு இதையே அளந்து பார்த்தார். தனியாக இழுத்தவர் சராசரியாக ஏறத்தாழ 85 கிலோ விசை தந்தார். எழுவர் சேர்ந்து இழுத்தபோது அது ஆளுக்கு 65 கிலோவாகவும், பதினால்வர் சேர்ந்தபோது 61 கிலோவாகவும் குறைந்தது. இம்முடிவுகளை அவர் 1913-இல் வெளியிட்டார்.

அனைவரும் ஒரே நொடியில் இழுக்காததால் விசை வீணாகியிருக்கலாம் அல்லவா? அதையும் சோதித்தார்கள். 1974-இல் அமெரிக்க உளவியலாளர் சிலர் ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்தனர். உண்மையில் இழுத்தவர் அவர் ஒருவரே. அப்போதும் விசை குறைந்தது. 1979-இல் பிப் லட்டானேயும் உடன் ஆய்ந்தோரும் கைதட்டலிலும் கூவலிலும் இதே போக்கைக் கண்டு, அதற்குச் 'சமூகச் சோம்பல்' என்று பொருள்படும் பெயரை இட்டனர். இரண்டாண்டு கழித்து அவர்களே இன்னொன்றையும் காட்டினர். ஒவ்வொருவர் எழுப்பும் ஒலியும் தனித்தனியே அளக்கப்படுகிறது என்று அறிந்தபோது அந்தச் சோம்பல் மறைந்துவிட்டது.

இதை நம் தேரிலேயே காணலாம். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுபவரைக் கவனியுங்கள். எந்தச் சக்கரத்திற்கு எவர் பொறுப்பு என்பது அனைவருக்கும் தெரியும். கட்டை ஒரு நொடி தாமதித்தால் தேர் திசை மாறும். ஆகவே அவர் கண் அங்கும் இங்கும் அலைவதில்லை. அதே மனிதரை வடத்தின் கடைக்கோடியில் நிறுத்துங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் ஊர்ச் செய்தி விசாரிப்பார். ஆள் மாறவில்லை; இடம் மாறியது. ஒருவரது நடத்தையைக் கண்டவுடன் 'அவர் குணமே அப்படி' என்று முடிவு கட்டுவோர் இந்த இடத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

வங்கிப் பணியில் இருந்தபோது, ஒரு கிளையின் தணிக்கைக்குச் சென்றிருந்தேன். பணப்பெட்டகத்திற்கு இரு சாவிகள். இரு அதிகாரிகள் வசம் ஒவ்வொன்று. இருப்புப் பதிவேட்டில் இருவரும் நாள்தோறும் கையொப்பமிட்டிருந்தனர். எனினும் ஒரு கட்டில் சில தாள்கள் குறைந்தன. இருவருமே நேர்மையாளர்கள் என்பது விசாரணையில் தெளிவாயிற்று. 'அவர் எண்ணியிருப்பார்' என்று இவரும், 'இவர் எண்ணியிருப்பார்' என்று அவரும் நம்பியிருந்தனர். இரண்டு கையொப்பங்கள் இருந்தும் ஒருவர்கூட எண்ணவில்லை. எந்த மதிப்புத் தாளை எவர் எண்ணினார் என்று தனித்தனியே குறிக்கும் வழக்கம் வந்தபின் அந்தக் குறை எழவில்லை.

இனி நம் கோயில் கைங்கர்யத்திற்கு வருவோம். அன்னதானக் குழுவில் இருபது பெயர்கள் இருக்கும். ஆனால் பந்தி முடிந்தபின் அண்டாக்களைத் தேய்க்க நிற்போர் எப்போதும் அதே நால்வர். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் அந்நால்வரில் ஒருவர் சொல்லாமலே நின்றுவிடுவார். மற்றவர்கள் 'அவருக்கு ஈடுபாடு குறைந்துவிட்டது' என்பார்கள். உண்மையில் மிகுந்த ஈடுபாடு உடையவரையே நாம் இழந்திருப்போம். இது நேராமல் காப்பதே கவனித்தலின் பயன்.

கவனிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில், செயலை மட்டும் குறியுங்கள். 'அவர் சோம்பேறி' என்பது கணிப்பு. 'மூன்று வாரமாகப் பந்தி முடியுமுன் சென்றார்' என்பது செய்தி. இரண்டாவதாக, ஒரு நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே செயல் நான்கைந்து முறை நிகழ்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, அவரைத் தனிப் பொறுப்பில் வைத்தும் பாருங்கள். கூட்டத்தில் ஒதுங்கி நிற்பவர், 'இலை போடுவது உங்கள் பொறுப்பு' என்றவுடன் சிறப்பாகச் செய்வாரானால், குறை வேலையைப் பகிர்ந்த முறையில் இருக்கிறது. நான்காவதாக, அவரிடமே கேளுங்கள். வீட்டில் நோயாளிக்கு மருந்து கொடுக்கும் நேரம் என்பதால் முன்னதாகச் செல்பவராக அவர் இருக்கலாம். அத்தகையவருக்குக் காலையில் காய் நறுக்கும் பணியைத் தரலாம். கேட்காமல் இது தெரிய வராது.

'இறைவன் பார்க்கிறான், மனிதர் எதற்குக் கணக்கெடுக்க வேண்டும்?' என்று சிலர் வருந்தலாம். வருத்தம் நியாயமானதே. கவனிப்பு உளவு பார்ப்பதாக மாறினால் கைங்கர்யம் கசந்துவிடும். ஆகவே குறித்தவற்றை நால்வர் முன் படித்துக் காட்டாதீர்கள். எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டியது பணிப் பட்டியல் மட்டுமே: எவருக்கு எந்தப் பணி, எந்த வாரம். அண்டா தேய்ப்பதும் சுழற்சியில் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். குழுத் தலைவரின் பெயரும் அதில் இருத்தல் நலம்.

குழு பெரிதானால் அதை ஐவர் ஐவராகப் பிரியுங்கள். ஐவரில் ஒருவர் வராவிடில் அன்றே தெரிந்துவிடும். 'ஏன் வரவில்லை, உடல்நலமா?' என்று விசாரிக்கவும் ஆள் இருக்கும். இருபதின்மரில் ஒருவர் வராதது பல நேரம் எவருக்கும் தெரிவதே இல்லை. நான் அறிந்த பல தொண்டர்கள் நின்றதற்குக் காரணம் வேலைச் சுமை மட்டுமன்று. வந்ததையும் வராததையும் எவரும் கவனிக்காததே.

வரும் வெள்ளியன்று உங்கள் கோயிலில் பந்தி முடிந்தபின் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கடைசியாகக் கை கழுவிச் செல்பவர் யார் என்று அறிந்து, அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

(அடுத்த வாரம்: கூட்டங்களில் வாய் திறவாதோர்)